சீட்டைக் கால் பார்த்து வாங்குங்கள்

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், போடி பக்கம் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பிக்கப்பின் கதவைத் திறந்து பாருங்கள். டிரைவர் சீட்டின் வலது ஓரம்தான் முதலில் செத்திருக்கும். இடது பாதி ஓரளவு எழும்பி நிற்கும். வலது ஓரத்தில் ரெக்சின் கிழிந்து, ஃபோம் மஞ்சள் தூளாக உதிர்ந்து, அடிச்சட்டத்தின் கம்பி தொடையில் குத்தும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு உடம்பும் ஒரு நொடி அந்த ஓரத்தின் மேல்தான் நிற்கிறது. லோடு வண்டியில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை அது நடக்கும். அதோடு மலைப்பாதை வேறு. போடிமெட்டுக்கு மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு. இடது பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் ஆள் வலப்பக்கம் சரிந்து, அந்த ஓரத்தில்தான் முட்டுக்கொடுக்கிறார்.

தட்பவெப்பமும் சேர்ந்து கெடுக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலே இடுக்கிப் பக்கம் அடைமழை. நனைந்த செருப்பு, நனைந்த சாக்கு, நனைந்த கைலியோடு கேபினுக்குள் ஏறுகிறார்கள். மலை இறங்கிக் கம்பம் வந்து சேர்ந்தால் வெயில். கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய கேபின் அடுப்பாகிறது. தையல் வழியாக ஃபோமுக்குள் போன தண்ணீர், மேலே ரெக்சின் மூடியிருப்பதால் அந்தப் பக்கம் வர முடியாமல் கீழே இறங்கித் தரைத் தகட்டில் தங்குகிறது. மேலே கிழிந்த சீட் தெரிந்தால், கீழே அரித்த தகடும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

சீட் மாற்றுவது என்றதும் எல்லோரும் முதலில் பேசுவது ரெக்சின் நிறத்தை. இந்த வேலையில் முக்கால்வாசி நாம் உட்காரும் இடத்துக்குக் கீழே கிடக்கிறது: நான்கு கால், நான்கு போல்ட், அவை பிடித்து நிற்கும் தகடு. இங்கே பேசுவது டாடா 207, பழைய பொலேரோ பிக்கப் போன்ற, ஏர்பேக் இல்லாத வண்டிகளைப் பற்றி. டிரைவருக்குத் தனி சீட், பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் பெஞ்ச் என்ற அமைப்பு.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

பழைய சீட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். சட்டக் குழாயில் விரிசல் உண்டா, ஜிக்ஜாக் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொக்கி பிய்ந்திருக்கிறதா, சீட்டை முன்பின் நகர்த்தும் ரெயில் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். சட்டமும் ரெயிலும் நன்றாக இருந்தால் வேறு சீட்டே வேண்டாம். குஷன் கடை வேலை போதும். கம்பெனிச் சட்டம் கம்பெனி ஓட்டையில் உட்காருவதைப் போல எந்த மாற்று சீட்டும் உட்காராது. காயலான் கடைக்குப் போவதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

குஷன் வேலை என்றால் உட்காரும் பகுதிக்கு 4 அங்குல ஃபோம், 40 டென்சிட்டி. அதன் மேல் ஒரு அங்குலம் மெத்தென்ற ஃபோம். முதுகுக்கு 2 முதல் 3 அங்குலம் போதும். ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவே கெட்டிக் கேன்வாஸோ தைத்த சாக்கோ கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் ஃபோமை அரம் போல ராவிவிடும். ரெக்சின் 54 அங்குல அகலத்தில் வரும். டிரைவர் சீட்டுக்குச் சுமார் 2 மீட்டர், பெஞ்சுக்கு 3 மீட்டர் கணக்கு வைத்துக்கொள்ளலாம். தையல் நூல் நைலானா பாலியஸ்டரா என்று கேளுங்கள். பருத்தி நூல் ஒரு மழைக்காலம் தாண்டாது.

40 டென்சிட்டி என்று சொல்லி 28-ஐத் தலையில் கட்டுவது சாதாரணமாக நடக்கும். கையால் அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தராசு கண்டுபிடித்துவிடும். டென்சிட்டி என்பது ஒரு கனமீட்டர் ஃபோமின் கிலோ எடை. 50 செ.மீ.க்கு 50 செ.மீ., 10 செ.மீ. கனத்தில் ஒரு துண்டு வெட்டி நிறுத்தால் 40 டென்சிட்டி சரியாக ஒரு கிலோ காட்டும். 28 என்றால் 700 கிராம்தான் வரும். கடைக்காரர் முகம் மாறினாலும் பரவாயில்லை, நிறுத்துப் பார்த்து வாங்குங்கள்.

காயலான் கடையில்

சட்டமே போய்விட்டதென்றால் மாற்று சீட். அதே மாடல் வண்டியின் சீட் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடலாம். கிடைக்காதபோதுதான் கார் சீட், ஜீப் சீட் என்று கண் போகும். சென்னை புதுப்பேட்டை வரை போக வேண்டியதில்லை; மதுரையில் தேடலாம், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் பழைய வண்டி உடைக்கிற இடங்களிலும் தேடலாம். எங்கே போனாலும் காதில் விழுவது ஒரே வசனம்: "எல்லா வண்டிக்கும் சேரும்ணே, ஓட்டை மட்டும் போட்டுக்கிட்டாப் போதும்." அந்த ஓட்டையில்தான் வினையே இருக்கிறது.

மாட்டைப் பல் பார்த்து வாங்குவது போல சீட்டைக் கால் பார்த்து வாங்க வேண்டும். கவிழ்த்து வையுங்கள். கார் சீட்டின் நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்காது. கார்த் தரையில் கதவோரம் ஒரு மேடு, நடுவில் ஒரு முதுகு; அதற்கு ஏற்றபடி ஒரு கால் உயரம், ஒரு கால் குட்டை, ஒன்று தட்டையாக, இன்னொன்று சாய்வாக இருக்கும். நான்கு காலும் தட்டையாகத் தரையில் பதியும் சீட் கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். ஒரு கால் 2 செ.மீ. ஏறியிருந்தால் சமாளிக்கலாம். நான்கும் நான்கு விதமாக இருந்தால், ரெக்சின் எவ்வளவு புதிதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பிறகு ரெயில். இரண்டு பக்கமும் பூட்டு விழுகிறதா என்று ஒவ்வொரு பல்லிலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். 'டக்' என்ற சத்தம் இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டும் சீட், மலை இறக்கத்தில் பிரேக் அழுத்தும்போது கோணலாக முன்னுக்கு வரும். ரெயிலுக்குள் காய்ந்த வண்டல் மண் இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் சீட். விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம். ஸ்பிரிங்கும் சாய்க்கிற பல்சக்கரமும் உள்ளுக்குள் அரித்திருக்கும்.

மஞ்சள் நிற கனெக்டர் ஒன்று அடியில் தொங்கினால் கையை எடுங்கள். சீட்டின் பக்கவாட்டில் எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக் என்று சின்னத் துணி லேபிள் தைத்திருந்தாலும் அப்படியே. பக்கவாட்டு ஏர்பேக்கிலும், விபத்தில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் பக்கிளிலும் வெடிமருந்து இருக்கிறது. நம் வண்டியில் அதை இயக்கும் கம்ப்யூட்டர் இல்லை என்பதால் அது சும்மா இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் வெல்டிங் வைத்தாலே ஆபத்து. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார் சீட்டுகளில் பெல்ட் எச்சரிக்கைக்கு ஒரு ஒயர் வரும். அது வேறு, அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் எது எது என்று நிறம் பார்த்துப் பிரிக்கத் தெரியாதவர்கள் ஒயரே இல்லாத பழைய சீட்டாக எடுப்பது நல்லது.

அளவு

கடைக்குப் போகும் முன்பே கேபினில் அளந்துகொண்டு போக வேண்டும். தரையில் பழைய போல்ட் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு முன்பின் தூரம், குறுக்குத் தூரம், இரண்டு மூலைவிட்டங்கள். கியர் முதுகுக்கும் கதவுக்கும் நடுவிலான அகலம். கேபின் பின்சுவரிலிருந்து கிளட்ச் பெடல் வரை. தரையிலிருந்து ஸ்டீயரிங்கின் அடி விளிம்பு வரை. தரையிலிருந்து கூரை வரை. ஓட்டைகளை ஒரு பெரிய அட்டையில் பதிவெடுத்து அந்த அட்டையையே கடைக்குக் கொண்டுபோங்கள். டேப்பில் தவறும் அளவு அட்டையில் தவறாது.

இதில் எல்லோரும் ஏமாறும் அளவு உயரம். பழைய சீட்டை வெறுமனே அளந்தால் போதாது. வழக்கமாக ஓட்டுபவரை உட்கார வைத்து, அவர் தொடை மட்டத்திலிருந்து தரை வரை அளக்க வேண்டும். நைந்த ஃபோம் நன்றாக அமுங்கியிருக்கும், புது ஃபோம் அவ்வளவு அமுங்காது. அதே உயரச் சீட்டே போட்டாலும் ஆள் 3 முதல் 5 செ.மீ. ஏறி உட்கார்ந்திருப்பார். அதன் மேல், சீட்டுக்கும் தரைக்கும் நடுவே வைக்கும் அடாப்டர்ப் பட்டையும் சேர்ந்தால் தலை கூரையில் இடிக்கும். தலைக்கும் கூரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியாவது வேண்டும். குழி விழுந்த எஸ்டேட் ரோட்டில் அதுவே போதாமல் போகலாம்.

முன்பின் நிலைக்கு இரண்டு சோதனை. கிளட்சை முழுக்க அழுத்திய பின்னும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். முதுகு சீட்டை விட்டு நகராமல் கையை நீட்டினால் ஸ்டீயரிங்கின் உச்சியில் மணிக்கட்டு உட்கார வேண்டும். பிக்கப் கேபினில் சீட்டுக்குப் பின்னால் இடமே கிடையாது என்பதால், காரில் சாய்ந்து படுத்த சீட் இங்கே பின்சுவரில் முட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். சுவருக்கும் சீட்டுக்கும் நடுவே 2 செ.மீ. இல்லையென்றால் ஓடும்போது உரசி உரசி ரெக்சினும் போகும், காதும் போகும். தலைச்சாய்ப்பு பின் கண்ணாடியைத் தொடக்கூடாது.

கழற்றுவது

பேட்டரி நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றிவிடுங்கள். ஜாக்கி, பானா பை, பில் புத்தகம், சீட்டுக்கடியில் உருண்டு கிடக்கும் சில்லறை எல்லாம் வெளியே வரட்டும். ரப்பர் மேட்டையும் அதன் அடியில் இருக்கும் சணல் மெத்தையையும் உருவுங்கள். அந்த மெத்தைதான் தண்ணீர்த் தொட்டி. மேலே காய்ந்திருக்கும், பிழிந்தால் சொட்டும்.

நேராகப் பானாவைப் போட்டுத் திருகுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. சீட் போல்ட்டின் நுனி தரைக்குக் கீழே நீட்டிக்கொண்டு, பத்து வருடச் சேற்றில் ஊறித் துருப்பிடித்திருக்கும். மேலிருந்து திருகினால் அந்தத் துரு முழுவதும் தகட்டோடு வெல்ட் செய்த நட்டுக்குள் இழுபட்டுச் சிக்கிக்கொள்ளும். அடுத்த நொடி போல்ட் முறியும், அல்லது நட்டின் வெல்ட் விட்டு போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். ஆகவே முதலில் வண்டிக்கு அடியில் போங்கள். நுனியைக் கம்பி பிரஷால் சுத்தமாகத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, இரவு முழுக்க விடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு அசைத்துவிட்டு, பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று விட்டுவிட்டுத் திருகினால் வந்துவிடும். கேஸ் வைத்துச் சுடுவது பட்டறைக்காரர் வேலை. தரைக்குக் கீழே பிரேக் பைப்பும் டீசல் பைப்பும் எங்கே ஓடுகின்றன என்று பார்க்காமல் நெருப்பு கூடவே கூடாது.

நட்டு சுற்ற ஆரம்பித்துவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். போல்ட் தலையைக் கிரைண்டரில் சீவி எடுத்துவிட்டு, பின்னால் புது நட்டும் தகடும் வைப்பதே மேல். கிரைண்டர் பொறி படும் கண்ணாடியில் ஈரச்சாக்கு போடுங்கள். பொறி பட்ட கண்ணாடியில் விழும் கரும்புள்ளி எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

தரை

சீட் வெளியே போனதும் ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தரையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், அரித்த தகடு சொத்தென்று சொல்லும். சொத்தென்ற இடத்தில் நுனியால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தகடு போயிற்று. போல்ட் ஓட்டையைச் சுற்றி நான்கு விரற்கடைக்குள் அப்படி இருந்தால், அன்றைக்குச் சீட் வேலையை நிறுத்திவிட்டு டிங்கர்காரரிடம் போக வேண்டியதுதான். எம்-சீல், பாடி பட்டி, ஃபைபர் எல்லாம் ஓட்டையை மறைக்கும், போல்ட்டைப் பிடிக்காது. 16 கேஜ் தகடு வெட்டி, நல்ல உலோகம் வரும் வரை அரித்ததை நீக்கி, சுற்றிலும் வெல்ட் செய்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட், இணைப்புகளில் சீலன்ட், அடியில் அண்டர்கோட்டிங் என்று போக வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் தகடு மட்டும் மாற்றினால் மூன்று வருடத்தில் மறுபடியும் அதே கதை. செருப்பின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் முன் கண்ணாடி ரப்பரிலும் கதவு ரப்பரிலும் ஓஸில் தண்ணீர் அடித்தால் ஒழுகும் இடம் தெரியும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் முன் கண்ணாடியின் கீழ் மூலை. தரையில் இருக்கும் ரப்பர் மூடிகள் கழுவும் தண்ணீர் வடிவதற்கு; அவற்றை அடைத்து வெல்ட் செய்துவிடாதீர்கள்.

அடாப்டர்

மாற்று சீட்டின் ஓட்டையும் வண்டியின் ஓட்டையும் ஒத்துப்போகாது. அதற்காகத் தரையில் புது ஓட்டை போடுவதுதான் சுலபமான வழி, மோசமான வழியும் அதுவே. ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 8.8 கிரேடு 10 மி.மீ. போல்ட் ஒன்று நீளாமல் சுமார் 3 டன்னுக்கு மேல் இழுவை தாங்கும். அது பிடித்திருக்கும் வெறும் தரைத்தகடோ ஒரு மில்லிமீட்டர் சொச்சம். மோதலில் போல்ட் உடைவதில்லை. வாஷரோடு சேர்ந்து தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. கம்பெனிக்காரன் ஓட்டை வைத்த இடத்தில் அடியில் தடித்த பட்டையோ குறுக்குச் சட்டமோ கொடுத்திருப்பான். நாம் போடும் ஓட்டைக்கு அடியில் காற்றுதான் இருக்கும்.

ஆகவே பழைய ஓட்டையிலேயே அடாப்டரைப் பிடித்து, அடாப்டரின் மேல் சீட்டைப் பிடிப்பது முறை. 50 மி.மீ. அகலம் 6 மி.மீ. கனம் உள்ள இரும்புப் பட்டை இரண்டு, அல்லது 40க்கு 40, 5 மி.மீ. ஆங்கிள் இரண்டு. ஒவ்வொன்றும் முன் ஓட்டையிலிருந்து பின் ஓட்டை வரை நீள வேண்டும். இரண்டு முனையிலும் 2.5 செ.மீ. கூடுதல். 10 மி.மீ. போல்ட்டுக்கு 10.5 அல்லது 11 மி.மீ. துளை. பின்னால் நகர்த்திக்கொள்ளலாம் என்று நீள்துளை வெட்டாதீர்கள். நகர்த்திக்கொள்ளத்தான் ரெயில் இருக்கிறது. இரண்டு பட்டையையும் குறுக்கே ஒரு பட்டையால் சேர்த்து வெல்ட் செய்துவிட்டால் சட்டம் முறுக்கிக்கொள்ளாது. லேத் பட்டறையில் துளை போட்டு வாங்கினால் அரை மணி நேர வேலை. வீட்டு டிரில்லில் போடுவதானால் 4, 7, 10.5 என்று படிப்படியாகப் போங்கள்.

ஏதோ காரணத்தால் புது ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால், அடியில் தகடு வைக்காமல் போல்ட் போடக்கூடாது. கார் பந்தய விதிகளில் சீட் போல்ட் ஒவ்வொன்றுக்கும் அடியில் குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. கனமும் உள்ள இரும்புத் தகடு கேட்பார்கள். 7 செ.மீ.க்கு 6 செ.மீ. தகடு வைத்தால் அந்தக் கணக்கு சரியாகிவிடும். மூலைகளை உருட்டிவிடுங்கள், கூர்மூலை தரையைக் கீறிக் கிழிக்கும்.

கால்கள் ஏற்ற இறக்கமாக இருந்தால் வாஷரை அடுக்கிச் சமன் செய்வது பரவலான பழக்கம். பத்து வாஷர் அடுக்கிய கால் ஒரு மாதத்தில் ஆட ஆரம்பித்துவிடும். தடித்த குழாயைத் தேவையான உயரத்துக்கு வெட்டி, இரண்டு முனையும் லேத்தில் மட்டமாகச் சீவி, அடாப்டரோடு வெல்ட் செய்வதே சரி. வெல்டிங் அடாப்டரில் மட்டும்தான், அதுவும் வண்டிக்கு வெளியே வைத்து. சீட்டின் ரெயிலில் ஒரு புள்ளி வெல்ட்கூட வைக்க வேண்டாம். அந்தத் தகடு மெல்லியது. சூட்டில் வளைந்தால் சறுக்காது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கும் உருகிவிடும்.

போல்ட்டுக்குப் பழையதையே கடைக்கு எடுத்துப்போய், தலையில் 8.8 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எண்ணே இல்லாத தலை சீட்டுக்கு ஆகாது. 10 மி.மீ. போல்ட்டிலேயே 1.5 மி.மீ. மரை, 1.25 மி.மீ. மரை (திருகு இழைகளின் இடைவெளி) என்று இரண்டு உண்டு. கையால் ஐந்தாறு சுற்றுத் தடையில்லாமல் போனால்தான் அது ஜோடி. பானா வைத்தால்தான் போகிறது என்றால் மரை மாறியிருக்கிறது.

மாட்டும்போது நான்கு போல்ட்டையும் விரலால் மட்டும் முடுக்கிவிட்டு, இரண்டு ரெயிலும் இணையாக இருக்கிறதா என்று மூலைவிட்டம் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்கட்டும். சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளி முன் போல்ட்டுகளையும், முன்னுக்கு இழுத்துப் பின் போல்ட்டுகளையும் இறுக்குங்கள். மறுபடி ஒருமுறை முன்பின் ஓட்டிப் பார்த்த பிறகே முழு இறுக்கம். 10 மி.மீ. 8.8 போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. என்றால் 22 முதல் 25. டார்க் பானா (இறுக்கத்தை அளந்து காட்டும் பானா) இல்லாதவர்களுக்கு: 25 செ.மீ. நீளப் பானாவின் நுனியில் 18 கிலோ இழுப்பு என்பது 45. மீன் நிறுக்கும் கொக்கித் தராசை நுனியில் மாட்டி இழுத்துப் பார்க்கலாம், வேடிக்கையாகத் தெரிந்தாலும் கணக்கு சரியாகவே வரும்.

பெல்ட்

பழைய பிக்கப்பில் பெல்ட்டின் பக்கிள் பெரும்பாலும் தரையில் இருக்கும். பல கார் சீட்டுகளில் பக்கிள் சீட்டின் சட்டத்திலேயே இருக்கும். அந்த பக்கிளை அப்படியே பயன்படுத்தினால், மோதலில் சீட்டின் எடையோடு ஆளின் எடையும் சேர்ந்து நம் அடாப்டர் மேல் விழும். வீட்டில் செய்த அடாப்டருக்கு அந்தச் சுமை வேண்டாம்; சீட்டில் வந்த பக்கிளைக் கழற்றிவிட்டு வண்டியின் பழைய பக்கிளையே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் போல்ட்டில் மில்லிமீட்டர் மரை இருக்காது; உலகம் முழுக்கப் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரைதான். தொலைந்துபோனால் 10 மி.மீ. போல்ட்டைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். அது உள்ளே போய் நிற்பது போலத் தெரியும், இழுத்தால் கையோடு வரும்.

சீட் உயர்ந்துவிட்டால் பெல்ட் தோளுக்குக் கீழிருந்து ஏறி, தோள் மேல் மடங்கி இறங்கும். மோதலில் அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அமுக்கும். உயரத்தைக் குறைக்க வழி பாருங்கள். கதவுத் தூணில் புது ஓட்டை போட்டுப் பெல்ட்டை மேலே ஏற்றுவது வீட்டு வேலை ஆகாது.

ஆர்.சி.யும் பிரேக் இன்ஸ்பெக்டரும்

ஆர்.சி.யில் எத்தனை இருக்கை என்று போட்டிருக்கிறதோ அத்தனைதான் கேபினில் இருக்க வேண்டும். இரண்டு பேர் பெஞ்சை எடுத்துவிட்டு ஒற்றைக் கார் சீட் வைப்பது பார்க்க அழகாகத்தான் இருக்கும், கணக்கு உதைக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று அதே சட்டத்தின் 182ஏ பிரிவு சொல்கிறது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வழியிலும் தினமும் எல்லை தாண்டும் வண்டிக்கு இரண்டு மாநில அதிகாரிகளும் உண்டு. பாடியில் பெஞ்ச் கட்டி ஆள் ஏற்றுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எட்டு வருடம் தாண்டிய லோடு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருடத்துக்கு ஒருமுறை. சீட்டை ஆட்டிப் பார்ப்பார்கள், பெல்ட்டை இழுத்துப் பார்ப்பார்கள். பெயின்ட் அடித்த, மூலை உருட்டிய அடாப்டர், எண் தெரியும் போல்ட் என்று இருந்தால் பதில் சொல்வது சுலபம். வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது அதைவிட நல்லது.

ஓட்டிப் பார்ப்பது

நிறுத்திய வண்டியில் எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். இரண்டு, நான்கு, பெரும்பாலான வண்டிகளில் ரிவர்ஸ், இந்த மூன்றும் பின்னால் வருபவை. கியர் கம்பு சீட்டில் உரசினால் இங்கேதான் உரசும். கை பிரேக்கை முழுக்க இழுத்துப் பாருங்கள். கதவைச் சாத்தியபின் ரெயில் நெம்புகோலுக்கும் சாய்ப்பு நெம்புகோலுக்கும் கை போகிறதா? ஜாக்கியைச் சீட்டைக் கழற்றாமல் எடுக்க முடிகிறதா? இதைப் பஞ்சர் ஆன அன்று இரவு மழையில் கண்டுபிடிப்பவர்கள் நிறைய.

பிறகு ஆளில்லாத ரோட்டில் 20 கி.மீ. வேகத்தில் ஒரு அழுத்தமான பிரேக். சீட் ஒரு 'டக்' சத்தத்தோடு நகர்ந்து நின்றால் ரெயில் பூட்டு பாதிதான் விழுந்திருக்கிறது. நகராமல் 'கிறீச்' என்றால் அடாப்டருக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி. அங்கே மெல்லிய ரப்பரைத் திணிக்க வேண்டாம். ரப்பர் அமுங்க அமுங்க போல்ட் தளரும். கழற்றி மட்டம் செய்து மாட்டுவதுதான் வழி.

முதல் 100 கி.மீ.க்குப் பிறகு, அதாவது ஒருமுறை மலை ஏறி இறங்கிய பின், நான்கு போல்ட்டையும் மறுபடி அதே அளவுக்கு இறுக்க வேண்டும். புது பெயின்ட் நசுங்கி இடம் கொடுத்திருக்கும். இறுக்கியதும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் அடாப்டர் வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். வண்டி கழுவும் நாளில் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் போதும். கோடு இரண்டாக விலகியிருந்தால் அந்த போல்ட் திரும்பியிருக்கிறது.